புதன்கிழமையே வந்துவிடு

கச்சிராயப்பாளையம் சாலை,
24.8.1987

அன்புள்ள செவ்வந்திக்கு,

பெரியநாயகி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. இங்கிலீஷ் படித்தாயா என்றுதான் கேட்பேன்.

போன வாரம் விழுப்புரம் போய் நம் கல்லூரி ஆபீசில் உன் ஹால்டிக்கெட்டை வாங்கிவிட்டேன். "பரீட்சை எழுதற பொண்ணு எங்கம்மா?" என்றார் கிளார்க். "அவ மலைமேல கீறா சார். நான் அவ ரூம்மேட்டு" என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். மூன்று வருஷம் ஒரே டிரங்குப் பெட்டியில் பாதி உனக்கு, பாதி எனக்கு என்று வைத்துக்கொண்டோம். இந்த உரிமைகூட எனக்கு இல்லையா?

இப்போது கவனமாகப் படி. தேர்வு செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு. நமக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் பாடத்திட்டம் மாறிவிட்டது. பழைய பாடத்துக்கு இதுதான் கடைசித் தேர்வு. இதை விட்டால் இங்கிலீஷ் ஒன்றை மட்டும் எழுதினால் போதாது, பாஸ் பண்ணின பேப்பர்கள் உட்பட எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டுமாம். கிளார்க் இதை இரண்டு தடவை சொன்னார். அதனால் நானும் அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

வெள்ளிமலை பஸ் கண்டக்டரிடம் ஒரு நோட்டு கொடுத்தனுப்புகிறேன். பதினொரு கட்டுரை இருக்கின்றன. கஷ்டமான வார்த்தைக்கு மேலே தமிழில் உச்சரிப்பு, கீழே அர்த்தம் எழுதியிருக்கிறேன். என் பரீட்சைக்குக்கூட நான் இப்படி உழைக்கவில்லை. எட்டு கட்டுரை மனப்பாடம் ஆனாலே பாஸ்தான்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் இறங்கி வழக்கம்போல எங்கள் வீட்டில் தங்கு. வெள்ளி விடிந்ததும் இரண்டு பேரும் விழுப்புரம் போவோம். நீ எழுதி முடிக்கும்வரை நான் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் ராஜாங்கம் அண்ணன் உன்னை விசாரித்தார். பி.காம். முடித்து ஏழு வருஷமாக எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் கார்டைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார். இப்போது கரும்புக் காட்டில் தண்ணீர் கட்டுகிறார். ஊரில் எப்போது பார்த்தாலும் இட ஒதுக்கீடு பேச்சுதான்.

உன்,
பெரியநாயகி

---

வெள்ளிமலை அஞ்சல்,
2.9.1987

அன்புள்ள நாயகிக்கு,

நோட்டு வந்து சேர்ந்தது. கண்டக்டர் அதன்மேல் வெற்றிலைப் பொட்டலத்தை வைத்திருக்கிறார். நான்காவது கட்டுரை முழுக்கச் சுண்ணாம்பு. இருந்தாலும் படிக்க முடிகிறது.

ஐந்து கட்டுரை ஆகிவிட்டது. சாமைக்குக் காவல் இருக்கும்போது பரண்மேல் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். கிளி எல்லாம் ஓடிவிடுகிறது. "உன் இங்கிலீசு கவணவிட நல்லா வேல செய்யுது" என்கிறார் அப்பா. அம்மாதான் முனகிக்கொண்டிருக்கிறாள். பெயிலான பாடத்தை மறுபடி எதற்குப் படிக்க வேண்டும் என்பது அவளுக்குப் புரியவில்லை.

உனக்கு ஒரு செய்தி. மலையில் பெண்பிள்ளைகளுக்கு விடுதி கட்டி முடித்துவிட்டார்கள். தையில் திறக்கிறார்கள். டிகிரி படித்த மலைப்பெண் இருந்தால் அவளையே காப்பாளராகப் போடுவோம் என்று அதிகாரி வந்து கேட்டார். "எம் பொண்ணு கீறா" என்று அப்பா எழுந்து சொல்லிவிட்டார். பாஸ் பண்ணின சான்றிதழ் டிசம்பருக்குள் வேண்டுமாம். அவர் கூட்டத்தில் எழுந்து பேசி நான் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து ராத்திரியும் விளக்கு ஏற்றி வைத்துப் படிக்கிறேன்.

உனக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. அண்ணனுக்கு ஒரு நல்ல வேலை கிடைக்கட்டும். மலைத்தேன் ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்.

உன் பிரியமுள்ள,
சி. செவ்வந்தி

---

கச்சிராயப்பாளையம் சாலை,
11.9.1987

அன்புள்ள செவ்வந்திக்கு,

அவசரமாக எழுதுகிறேன். நீ வியாழக்கிழமை வர வேண்டாம். புதன்கிழமையே வந்துவிடு. அன்றைக்கே விழுப்புரம் போய் என் அத்தை வீட்டில் இரண்டு நாள் தங்கிப் படிக்கலாம். கல்லூரிக்கு நடந்தே போகிற தூரம்தான்.

எதற்கு என்று கேட்காதே. அம்மா அதிரசத்துக்கு மாவு இடித்திருக்கிறாள், சூடாகச் சாப்பிடலாம். அதற்காகத்தான் என்று வைத்துக்கொள். எதற்காக இருந்தால் என்ன? ஒரு தடவையாவது நான் சொல்வதைக் கேள். புதன்கிழமை.

பெரியநாயகி

---

வெள்ளிமலை அஞ்சல்,
28.9.1987

அன்புள்ள நாயகிக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். நேற்றிலிருந்துதான் பஸ் ஏறுகிறது. உன் வீட்டில் பத்து நாள் இருந்தும் பேச முடியாமல் போனதை இப்போது எழுதுகிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமைதான் கைக்கு வந்தது. மறுநாள் எங்கள் காட்டில் சாமை அறுப்பு. நாங்கள் ஆறு வீட்டுக்குப் போய் அறுத்துக்கொடுத்திருந்தோம். அந்த ஆறு வீடும் எங்களுக்குத் திரும்பி வர வேண்டிய முறை அது. அன்று நான் இல்லாமல் போனால் அம்மா எல்லோர் முன்னாலும் தலைகுனிய வேண்டும். நீ எப்போதுமே ஒரு நாள் முன்னதாக வா, சாப்பிடு, தங்கு என்று எழுதுகிறவள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். அதிரசம் என்று வேறு எழுதியிருந்தாய்.

வியாழக்கிழமை காலை பஸ் வரவில்லை. பத்து மணிவரை நின்றுவிட்டு, நோட்டையும் தேனையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு நடந்தேன். அடிவாரத்தில் அவர் திரும்பிவிட்டார். சாயங்காலம் உங்கள் ஊர் எல்லைக்கு வந்தபோதுதான் ரோட்டை மறித்துப் புளியமரம் கிடந்ததைப் பார்த்தேன். ராஜாங்கம் அண்ணன் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "இன்னா பாப்பா, இம்மாந்தூரம் நடந்துகினா வந்த?" என்று கேட்டார். பரீட்சை என்றேன். அவர் முகம் செத்துவிட்டது. "உளுந்தூர்பேட்ட வரைக்கும் வழிநெடுக மரந்தான். சைக்கிள்கூட வுடமாட்டாங்க. ஏழு நாளிக்கு இப்டித்தான்" என்றார். தேன் பாட்டிலை அவரிடமே கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் உங்கள் வீட்டுக் கடிகாரம் இரண்டு அடித்தபோது நாம் இரண்டு பேரும் அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தோம். ஹால்டிக்கெட் உன் மடியில் இருந்தது. நீ அழுதாய். உன் அம்மா தட்டில் அதிரசம் கொண்டுவந்து வைத்தார்கள். நான் ஒன்று தின்றேன். எட்டு கட்டுரையும் எனக்கு அப்போது வரிசையாக ஞாபகம் வந்துகொண்டிருந்தன.

உனக்கு முன்னமே தெரியும், இல்லையா? இன்ன காரணத்துக்காகப் புதன்கிழமை வா என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால், சாமை மண்ணோடு போகட்டும் என்று வந்திருப்பேன். உன்மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை.

செவ்வந்தி

---

கச்சிராயப்பாளையம் சாலை,
3.10.1987

என் செவ்வந்திக்கு,

தெரியும். மறைக்கவில்லை.

இட ஒதுக்கீடு கேட்டு நடந்த இந்த மறியலுக்குப் பத்து நாள் முன்பு ஊர் மொத்தமும் கோயிலில் கூடியது. வெளியே தெரிந்தால் போலீஸ் முன்னாலேயே வந்துவிடும் என்று, எந்தச் சாலையில் என்றைக்கு என்ன நடக்கும், யார் செய்தார் என்பதை ஊருக்கு வெளியே மூச்சு விடுவதில்லை என வீட்டுக்கு ஒருவர் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். அப்பாவுக்கு அன்று காய்ச்சல். அண்ணன் வேறு வேலையில் இருந்தார். எங்கள் வீட்டுக்காக அணைத்தது நான்தான். சத்தியத்தையும் மீறக் கூடாது, உன்னையும் விடக் கூடாது என்று யோசித்து யோசித்துத்தான் அந்த அதிரசத்தை எழுதினேன். எப்படிப்பட்ட முட்டாள் பார். உன்னிடம் நான் எப்போதும் விளையாட்டாகவே பேசியிருக்கிறேன் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை. "நம்ம புள்ளைங்க படிக்கணும்னுதான மரத்த வெட்னோம்" என்று அம்மாவிடம் சொன்னார். பக்கத்து ஊரில் நான்கு பேரைக் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அண்ணனை உளுந்தூர்பேட்டைக்கு அனுப்பியிருக்கிறோம், ஒரு லாரி ஷெட்டில் மறைந்திருக்கிறார்.

அழுதது போதும், கேள். பேப்பரில் அறிவிப்பு வந்திருக்கிறது. மறியலால் வர முடியாமல் போனவர்களுக்கு நவம்பரில் மறுபடி தேர்வு வைக்கிறார்களாம். போக்குவரத்து தடைப்பட்டிருந்தது என்று தாசில்தார் சான்று வாங்கி அக்டோபர் 20-க்குள் கல்லூரியில் கொடுக்க வேண்டும். கடிதம் கண்டதும் இறங்கி வா. இந்தத் தடவை காரணத்தை எழுதிவிட்டேன்.

பெரியநாயகி

---

வெள்ளிமலை அஞ்சல்,
13.10.1987

அன்புள்ள நாயகிக்கு,

கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீசுக்கு மூன்று தடவை போய்விட்டேன். அவசரம் என்பதால் இதைக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதல் நாள் தாசில்தார் இல்லை. இரண்டாம் நாள் மலை ரோட்டில் மரம் எதுவும் விழவில்லையே என்றார்கள். கீழே விழுந்ததால்தான் மேலே பஸ் வரவில்லை என்றேன். எந்த ஊரில் என்று கேட்டு, சொன்னதும் ஒரு காகிதக் கட்டை எடுத்துப் பார்த்தார்கள். உங்கள் ஊர் வி.ஏ.ஓ. "என் கிராம எல்லையில் சாலையில் தடை ஏதும் ஏற்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். "ரெக்கார்டுபடி அங்க மரமே வுழல. இல்லாத மரத்துக்கு நான் இன்னான்னு சர்டிபிகேட் குடுக்கறது?" என்றார் கிளார்க். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த மரத்தின் மேல் ஏறி இறங்கித்தான் வந்தேன் சார், முழங்காலில் சிராய்ப்பு இருக்கிறது என்றேன். அதைக் கோப்பில் சேர்க்க முடியாதாம்.

மூன்றாம் நாள் அவரே ஒரு வழி சொன்னார். உங்கள் ஊர்க்காரர் ஒருவர், செப்டம்பர் 17-ஆம் தேதி சாலையில் மரம் கிடந்ததைப் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் தாசில்தாரிடம் வைத்துப் பார்ப்பாராம். யார் வெட்டினார் என்று எழுத வேண்டியதில்லை. மரம் கிடந்தது, அவ்வளவுதான்.

நாயகி, அந்த ஊரில் எனக்கு உன்னைத் தவிர யாரைத் தெரியும்? திங்கட்கிழமை 19-ஆம் தேதி காலை பத்து மணிக்கு நான் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பேன். இதைவிடப் பெரிதாக உன்னிடம் எதுவும் கேட்டதில்லை, இனிக் கேட்கவும் மாட்டேன்.

செவ்வந்தி

---

கச்சிராயப்பாளையம் சாலை,
20.10.1987

செவ்வந்தி,

நேற்று நீ எத்தனை மணிவரை நின்றாய்? அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பயமாக இருக்கிறது.

வரக் கூடாது என்று இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையே எழுதி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். காலையில் செருப்பு மாட்டும்போது அப்பா பார்த்துவிட்டார். வி.ஏ.ஓ. எங்கள் பையன்களைக் காப்பாற்றத்தான் பொய் எழுதினாராம். மரம் கிடந்தது என்று ஒரு கையெழுத்து விழுந்தால் முதலில் அவர் வேலை போகும், அடுத்த நாள் யார் வெட்டியது என்று போலீஸ் வரும். "உங்கண்ணன நீயே புடிச்சிக் குடுத்துட்டு வா, போ" என்றார். அதையும் தாண்டி வாசல்வரை வந்தேன். அம்மா என் காலில் விழுந்துவிட்டாள் செவ்வந்தி. "பெத்தவ வுழுந்து கேக்கறேன்டி. அவன் வூட்டுக்கு வரட்டும்டி" என்று காலைக் கட்டிக்கொண்டாள். உன் பஸ் எங்கள் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். ஜன்னலோரத்தில் நீ இருந்தாய் என்று நினைக்கிறேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டேன்.

இன்றோடு தேதி முடிகிறது. விழுப்புரம் போய்க் கல்லூரி கிளார்க்கிடம் கெஞ்சிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். சான்று இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்றார். உன் ரிஜிஸ்டர் நம்பரைப் பார்க்காமலே சொன்னார், அவருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

அடுத்த வருஷம் புதுப் பாடத்தில் எழுது. எல்லாப் பேப்பருக்கும் நான் நோட்டு எழுதித் தருகிறேன். சத்தியமாக என்று எழுத வந்தேன், அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. திட்டியாவது ஒரு கடிதம் போடு.

பெரியநாயகி

---

வெள்ளிமலை அஞ்சல்,
31.1.1988

நாயகிக்கு,

உன்னுடைய மூன்று கடிதமும் வந்தன. கேட்டிருந்தாய், அதனால் எழுதுகிறேன். அன்று மதியம் மூன்றரை மணிவரை நின்றேன். கிளார்க் இரண்டு தடவை வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அண்ணன் பேரில் கேஸ் இல்லாமல் பொங்கலுக்கு வீடு வந்தது தெரிந்து நிம்மதி. இது ஒப்புக்கு எழுதுவது இல்லை. என் அம்மாவாக இருந்தாலும் விழுந்திருப்பாள். உன் நிலையில் நான் இருந்தாலும் வாசலோடு நின்றிருப்பேன். மலை ஏறி வரும்போது எல்லாம் இதை எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நியாயம்தான் என்று தெரிகிறது. வலிப்பது மட்டும் குறையவில்லை.

விடுதி திறந்துவிட்டார்கள். சேலத்திலிருந்து ஓர் அம்மா காப்பாளராக வந்திருக்கிறார்கள். நல்லவர்கள், ஆனால் பிள்ளைகள் பேசுவது அவர்களுக்கும், அவர்கள் பேசுவது பிள்ளைகளுக்கும் புரிவதில்லை. நான் அங்கேயே சமையலுக்குச் சேர்ந்துவிட்டேன். படித்த பெண் கரண்டி பிடிப்பதா என்று அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கூட்டத்தில் எழுந்து சொன்னதை நினைத்துக்கொண்டே இருக்கிறார். இப்போது கூட்டத்துக்கே போவதில்லை.

புதுப் பாடத்தில் எழுதச் சொன்னாய். பதினைந்து பேப்பர். காலை நான்கு மணிக்கு உலை வைக்கிறேன். நோட்டு எழுத வேண்டாம். ஹால்டிக்கெட் உன்னிடமே இருக்கட்டும், எனக்கு அனுப்ப வேண்டாம்.

மாதம் ஒரு தடவை விடுதிக்குச் சாமான் வாங்கக் கள்ளக்குறிச்சி வருகிறேன். பஸ் உங்கள் வாசலில்தான் நிற்கிறது. போன தடவை உன் அம்மா முறத்தோடு உட்கார்ந்திருந்தார்கள், நன்றாக இருக்கிறார்கள். நீ உள்ளே யாரிடமோ பேசும் சத்தமும் கேட்டது. கண்டக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா, எறங்கலியா?" என்றார். கள்ளக்குறிச்சிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன் என்றேன்.

இனிமேல் அப்படித்தான் எடுப்பேன். வாசலில் வந்து நிற்காதே.

செவ்வந்தி