மூணாவது வரிசை, நாலாவது கட்டம்

மார்ச் 3

துரைக்கு மண்ணீரலில் கட்டி. எலுமிச்சம்பழ அளவு. பதின்மூன்றாம் தேதி ஆபரேஷன். டாக்டர் தீபலட்சுமி சொன்னார்: "அதுக்குள்ள கட்டி வெடிச்சா வயித்துக்குள்ள ரத்தம் கொட்டும். தினம் ஈறைப் பாருங்க. வெளுத்திருந்தா யோசிக்காம தூக்கிட்டு வந்துடுங்க."

வீட்டில் சொன்னேன். "நாய்க்கெல்லாம் கேன்சரா?" என்று கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் இளம்பரிதி சாப்பிட உட்கார்ந்தார். ஹெல்மெட் வாரைக் கடித்துப் போட்டதிலிருந்து இவருக்கு அவன் வெறும் 'அந்த நாய்'.

மார்ச் 5

ஈறு வெளுத்திருந்தது. ஆட்டோவில் அள்ளிக்கொண்டு ஓடினேன். ஒன்றுமில்லையாம். துரை அங்கே பிஸ்கட் தின்றான்.

மார்ச் 6

மறுபடியும் வெளுப்பு, மறுபடியும் ஆட்டோ, மறுபடியும் பிஸ்கட்.

"எங்க வெச்சுப் பாத்தீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"கிச்சன்ல, டியூப்லைட்டுக்குக் கீழ."

"அந்த லைட்ல என் ஈறும் வெளுப்பாத்தாம்மா இருக்கும்."

மானம் போயிற்று.

மார்ச் 7

இவருக்கு உப்பளம் கடைத்தெருவில் ஒரு பெயிண்ட் கடையில் வேலை. மதியம் சாப்பிட வந்தவர், பெயிண்ட் நிறங்களைக் கட்டம் கட்டமாக அச்சடித்த ஷேடு கார்டு ஒன்று கொண்டுவந்தார். துரையை வாசலுக்கு இழுத்துப்போய், உதட்டைத் தூக்கி, ஒவ்வொரு கட்டமாக வைத்துப் பார்த்தார். "டியூப்லைட்ல கலர் பாத்து வாங்கறவன்தான் மறுநாள் வந்து சண்டை போடுவான். வெளிச்சத்துல பாருடி. மூணாவது வரிசை, நாலாவது கட்டம். இதான் இவனுக்கு நார்மல்."

என் ஈறையும் காட்டச் சொன்னார். ஐந்தாவது கட்டமாம். எனக்கென்ன கேடு.

மார்ச் 10

காலையில் துரை எழுந்திருக்கவில்லை. ஈறு எனக்கு வெளுப்பாகத்தான் பட்டது. எனக்கு எப்போதுதான் வெளுப்பாகப் படவில்லை? இன்னொரு தடவை போய் அசிங்கப்படணுமா? டீ போடப் போனேன் — எழுதவே கை கூசுகிறது.

வாசலிலிருந்து இவர் கூப்பிட்டார். "கொழலி, முதல் வரிசைக்கு வந்துட்டான்டி. சுண்ணாம்பு. பெட்ஷீட்டை எடு."

லுங்கியோடு ஆட்டோவில் ஏறினார். துரைக்கு வயிறு முழுக்க ரத்தம். ரத்தம் ஏற்றி உடனே ஆபரேஷன்.

"யாரு கண்டுபிடிச்சது?" என்றார் டாக்டர். இவர் கார்டை நீட்டினார். டாக்டர் சிரிக்கவில்லை. அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மார்ச் 22

பிழைத்துவிட்டான். ஆனால் கட்டி கேன்சர்தான். நாலு மாதம் கிடைத்தால் பெரிசாம். இவர் வரும் வழியில் பிஸ்கட் இரண்டு பாக்கெட் வாங்கினார்.

ஜூன் 14

இப்போதெல்லாம் இவர் கையில் கார்டைக் கண்டாலே துரை வாசலுக்குப் போய்த் தானே உதட்டைத் தூக்குகிறான். "நாய்க்கும் பெயிண்ட் அடிக்கப் போறீங்களா?" என்று பக்கத்து வீட்டு செல்வாம்பாள் கேட்டாள்.

செப்டம்பர் 2

ஸ்கேன். கல்லீரலுக்கும் வந்துவிட்டது. இனி ஆபரேஷன் இல்லை என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கத்தரிக்கோலை எடுத்து, கார்டின் முதல் வரிசையை வெட்டிக் குப்பையில் போட்டார். "இது வேணாம் இவனுக்கு." துரை உதட்டைத் தூக்கிக் காட்டினான்.

அந்தத் துண்டைப் பொறுக்கி இந்தப் பக்கத்துக்குள் வைத்திருக்கிறேன். நாளையிலிருந்து ஈறை நான்தான் பார்க்கணும்.