மேட்டுப்பக்கத்து சுவிட்ச்

என்னங்க,

கால் இரண்டும் கெஞ்சுகின்றன. வெந்நீரில் கொஞ்ச நேரம் வைக்கலாமென்று பார்த்தேன்; வெந்நீர் போடவும் அலுப்பாக இருக்கிறது. சேலையில் இன்னும் பெட்ரோல் வாசம். அதை முகர்ந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன்.

இந்த வாசம் எனக்குப் புதிதில்லை. ஹட்டன் பெட்ரோல் செட்டில் காசு வாங்க உட்கார்ந்த நாளிலிருந்து தின்னும் சோற்றிலும் அதுதான் வீசுகிறது. இன்று காலையில் வந்தது வேறு. வெளியே மழை என்று செட் ஆபீசின் கதவு, சன்னல் எல்லாவற்றையும் சாத்தியிருந்தேன். தேத்தண்ணிக்குக் கேத்தல் சுவிட்சைப் போடக் கையை நீட்டினேன். மேசைக்கு அடியில், வயர் வருகிற குழாய் இருக்கும் மூலையிலிருந்து குப்பென்று மூக்கில் ஏறியது. கை அப்படியே நின்றுவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சொல்லி என் உயிரை வாங்குவீர்களே, அந்தக் கதைதான் ஞாபகம் வந்தது. "பெட்ரோல் ஆவி காத்தவிடக் கனம் புள்ள. மேல போகாது, பள்ளத்தத் தேடித்தான் எறங்கும். பம்புக்குப் போற குழாயில வயர் மட்டுமா இருக்கு? ஆவியும் அதுக்குள்ளயே வந்துரும்." குழாய் ஆபீசுக்குள் நுழையும் முன்னால் பஞ்சை அடைத்து, அதன்மேல் சிமெந்து மாதிரி ஒரு கலவையை ஊற்றி மூட வேண்டும் என்பீர்கள். நம்ம ஊர்க் குளிருக்கு அது லேசில் இறுகாது. இறுகும்வரை பம்பைத் திறக்க விடாமல் முதலாளியோடு மல்லுக்கு நின்றதை நானே பார்த்திருக்கிறேன். "சோறு ஆறுது, மொதல்ல சாப்பிடுங்க" என்பேன். எனக்கென்ன, நானா வயர் இழுக்கப் போகிறேன்?

மெயின் சுவிட்சுக்காக நாம் போட்ட சண்டை அதைவிடப் பெரிது. நான் அங்கே சேர்ந்த புதிதில்தான் நீங்கள் அந்த செட்டுக்கு வயரிங் செய்தீர்கள். ஆபீஸ் வாசலிலேயே வைத்திருக்கலாம். நீங்களோ பம்பிலிருந்து விலகி, பின்னால் மேட்டில், படி ஏறிப் போகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தீர்கள். தினமும் செட்டைப் பூட்டும்போது மெயினை இறக்கக் குடையோடு அந்த வழுக்குப் படியில் நான்தான் ஏற வேண்டும். "ஒரு பொம்பள மழையில ஏறி எறங்கணுமேன்னு கொஞ்சமாச்சும் யோசிச்சீங்களா?" என்று கேட்டேன். "யோசிச்சுத்தான் போட்டேன்" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டீர்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

இன்று ஆபீசில் லைட் எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சைப் போட்டாலும் பொறி, அணைத்தாலும் பொறி என்று சொல்லியிருக்கிறீர்கள். எதையும் தொடாமல் வெளியே வந்தேன். பம்படியில் பெட்ரோல் அடித்துக்கொண்டு நின்ற ஜெகனிடம், "நிப்பாட்டுப்பா. வண்டிய யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது, தள்ளிக்கிட்டே போகச் சொல்லு" என்றேன். குடையும் இல்லாமல் மேட்டில் ஏறி மெயினை இறக்கினேன். அப்போதுதான் மூச்சே வந்தது.

அப்புறம் நான் வாங்கிய பேச்சு இருக்கிறதே. பம்பு நின்றால் நம் சனத்துக்கு, எண்ணெய்த் தட்டுப்பாட்டில் நாள்கணக்காக நின்ற அந்தப் பழைய கியூதான் ஞாபகம் வருகிறது. "என்னக்கா, மறுபடியும் எண்ணெ இல்லியா?" என்று ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மேட்டில் நின்றே முதலாளிக்குப் போன் போட்டேன்.

"பெட்ரோல் செட்டுல பெட்ரோல் வாசம் வராம மல்லியப்பூ வாசமா வரும்? கரண்ட போடும்மா."

"நான் போட மாட்டேன் முதலாளி. நீங்க வந்து உள்ள நின்னு பாருங்க."

"ஒனக்கு வேல வேணுமா வேணாமா?"

போனை வைத்துவிட்டேன். வேலை போனால் வீட்டு வாடகைக்கு எங்கே போவேன்? போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் நீங்கள், எழுந்திருக்கவேயில்லை. எனக்காக மல்லுக்கு நிற்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்து அங்கேயே அழுதேன். மழையில் யாருக்கும் தெரியவில்லை.

மத்தியானம் தலவாக்கலையிலிருந்து ஒரு வயரிங்காரர் வந்தார். முதலாளியும் வந்து நின்றார். போன வாரம் புதுப் பம்பு பூட்டியவர்கள் பஞ்சை மட்டும் திணித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கலவையை ஊற்றவே இல்லை. இறுகும்வரை காத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை போல.

"கேத்தலப் போட்டிருந்தீங்கன்னா..." என்று தொடங்கிய வயரிங்காரர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு மேட்டை அண்ணாந்து பார்த்தார். "சுவிட்ச அங்க யாரு வச்சது? இங்க வாசல்ல இருந்திருந்தா, அதத் தொடுறதும் ஆபத்துதான்."

"எங்க வீட்டுக்காரர்" என்றேன். முதலாளி ஜெகனை அனுப்பி எனக்குத் தேத்தண்ணி வாங்கிவரச் சொன்னார்.

கலவை ஊற்றியாயிற்று. இறுகின பிறகுதான் செட் திறக்கும். வீட்டுக்குக் கிளம்புமுன் சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டுப் போட மறுபடி ஏறினேன். படியில் வழுக்கி முழங்கால் சிராய்த்துவிட்டது. வழக்கம்போல உங்களை வாயாரத் திட்டினேன். கீழே ஆபீசில் உட்காரப் போகிறவள் நான் என்பதை யோசித்துத்தான் அங்கே வைத்திருக்கிறீர்கள். அதை அன்றைக்கே வாயைத் திறந்து சொன்னால் என்னவாம்?

மழை விடுகிற மாதிரி இல்லை. செட் திறந்ததும் மறுபடி திட்டிக்கொண்டேதான் ஏறுவேன். நீங்கள் போன பிறகு உங்களோடு நான் வாய்விட்டுப் பேசுகிற இடம் அந்தப் படி ஒன்றுதான்.