வாங்க வராதவர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

டாக்டர்களுக்கான ஆராய்ச்சி போஸ்டர் போட்டியில் எனக்குப் பரிசு இல்லை. கண் டாக்டர் ஒருத்தர் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் போஸ்டரில் இருந்த கேள்வி சின்னது. டெஸ்ட் எடுத்துக்கொண்ட சிலர், முடிவை வாங்க ஏன் வருவதே இல்லை? எங்கள் ஆஸ்பத்திரியில் மூன்று மாதத்தில் அப்படி நாற்பத்தொரு பேர். நானே போன் போட்டுக் கேட்டேன். பஸ் இல்லை என்றார்கள், மறந்துபோச்சு என்றார்கள். ஒரு டெய்லர் மட்டும், "கவரைப் பிரிக்கிற வரைக்கும் நான் நல்லாத்தானே இருக்கேன், டாக்டர்?" என்றார். அதை எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் 'மற்றவை' என்ற கட்டத்தில் போட்டேன்.

நடுவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எண்ணினார். "நாப்பத்தொரு பேருன்னு போட்டிருக்கீங்க. பதில் நாப்பதுதானே இருக்கு?"

"ஒருத்தங்க போன் எடுக்கலை, சார்."

பொய். அந்த நம்பருக்கு நான் போன் போடவே இல்லை. நீ கழுத்துக் கட்டிக்கு டெஸ்ட் எடுத்ததே லிஸ்டில் பெயரைப் பார்த்துத்தான் தெரியும். நாம் பேசி ஒன்றரை வருஷம் ஆகிறது. முதல் பேச்சு இதுவாக இருக்க வேண்டாம் என்று தோன்றியது.

உன் கவரை லேபிலிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்பது நாளாக டிராயரில் பிரிக்காமலே கிடக்கிறது. டெய்லரை 'மற்றவை'யில் தள்ளியது தப்பு என்று இப்போது புரிகிறது.

போட்டி முடிந்தாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டும்: நீ ஏன் வரவில்லை? கடிதம் கிடைத்த அன்றே வந்து சொல். கவரை நீயே பிரி, எனக்குக் கை வரவில்லை.

உன் தங்கை,
லிஸ்டில் நாற்பத்திரண்டாவது ஆள்