தேய்மானமா, அச்சுக்குறையா?

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த வாசனை வந்துவிட்டது. பழைய ஆல்பங்களின் பிளாஸ்டிக்கும், பல கைகள் பட்ட செம்பும் கலந்த வாசனை. உங்கள் சட்டையில்கூட ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான் அடிக்கும். மூன்றாவது மேசையில், தரம் எண்ணில் எழுதி ஒட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பன்றி ரூபாய் இருந்தது. "ஏனுங்க, இங்க வந்து பாருங்க" என்று வாய்விட்டுச் சொல்லியபடி திரும்பினேன். யாரோ ஒருவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்து, "என்னையா சார்?" என்றார்.

அதற்குப் பிறகு அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து வண்டிமேல் உட்கார்ந்துகொண்டேன். நீங்கள் போய்விட்டீர்கள் என்று மூளைக்குத் தெரிகிறது, வாய்க்கு இன்னும் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்கிறேன், சொல்ல வேறு ஆள் இல்லை. 1911ஆம் வருடத்து வெள்ளி ரூபாய். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் ஒரு யானையைப் பொறித்தார்கள். தும்பிக்கை குட்டையாகப் போனதில் அது பன்றியாகத் தெரிய, ஜனங்கள் முகம் சுளிக்க, அரசாங்கம் திரும்ப வாங்கி உருக்கிவிட்டு அடுத்த வருடம் யானையைத் திருத்தி அடித்தது. தப்பிய காசுகளில் தேய்ந்தவை தேடினால் கிடைக்கும். எவர் மடியிலும் உரசாமல், அச்சிலிருந்து விழுந்த மினுமினுப்போடு இருப்பதுதான் அபூர்வம். சோமனூரில் ஒரு வெள்ளிக்கடையில், உருக்க வைத்திருந்த கொலுசுக் குவியலுக்கு அடியிலிருந்து அப்படி ஒன்றை நீங்கள் எடுத்தீர்கள். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

பனியன் கம்பெனியில் நீங்கள் செக்கிங் சூப்பர்வைசர். துணியில் ஓட்டை விழுந்திருந்தால் டியூப்லைட்டுக்கு நேரே விரித்துப் பிடித்து, இது நிட்டிங்கில் விழுந்ததா, டையிங்கில் விழுந்ததா என்று சொல்லிவிடுவீர்கள். நிட்டிங்காரரும் டையிங்காரரும் ஒருவர்மேல் ஒருவர் பழியைப் போட்டுக்கொண்டு உங்கள் வாயைப் பார்த்து நிற்பார்கள். அந்தக் கண்ணோடுதான் ஞாயிறு மதியம் என் எலாஸ்டிக் கடைக்கு வருவீர்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அந்த ரூபாய்மேல் நாம் பூதக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் பிடிப்போம்.

"நல்லாப் பாரும்வே, யானை முதுகுல மினுமினுப்பு போயிருக்கு. எவன் மடியிலயோ கெடந்து ஒரசியிருக்கு. தேய்மானம்தான்" என்பீர்கள்.

"இல்லீங்க. அடிக்கறப்பவே அச்சு நல்லா அமுங்குலீங்க. அது பொறந்ததே அப்படித்தானுங்க."

"ஏன்வே, சண்டைக்கு வரும்போதும் 'ங்க' போட்டுக்கிட்டே வாரீரு. எனக்கு எப்பிடிக் கோவம் வரும்?"

தேய்மானம் என்றால் அது ஒரு படி இறங்கிய காசு. அச்சுக்குறை என்றால் புழங்காத காசு, முதல் தரம். ஒரே காசு, ஒரே முதுகு, நீங்கள் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, வருடங்கள் ஓடின. தரம் பார்க்கும் கம்பெனிக்கு அனுப்பினால் ஒரே மாதத்தில் தீர்ப்பு வந்துவிடும். எத்தனையோ தடவை கவரில் விலாசம்கூட எழுதினேன். நீங்கள்தான் அனுப்ப விடவில்லை. "தீர்ப்பு வந்துட்டா அப்புறம் ஞாயித்துக்கெழம என்னவே பண்ணுவோம்?" என்று சிரித்தீர்கள். உங்கள் சோம்பேறித்தனத்துக்கு இது ஒரு சாக்கு என்று நான் கேலி செய்தேன்.

செக்கிங் டேபிளிலேயே சாய்ந்துவிட்டீர்கள் என்று போன் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் ஊரிலிருந்து உங்கள் அண்ணன் வந்து இறங்கியதும் சடங்குக்கு வேண்டியதை ஒவ்வொன்றாகக் கேட்டார். நெற்றியில் காசு வைக்க வேண்டும், எங்கள் பக்கம் வெள்ளி ரூபாய்தான் வைப்பது, இந்தக் காலத்துச் சில்லறையெல்லாம் கூடாது என்றார். உங்கள் சம்சாரம் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் வரவில்லை.

வந்து வைத்தார். சந்தனத்தைக் குழைத்து, அதில் காசைப் பதித்து, கட்டைவிரலால் அழுத்தினார். தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது, அதுதான். நான் பார்ப்பதைப் பார்த்து என் அருகே வந்தார்.

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. எல்லாக் கவரையும் பிரிச்சி, இருக்கதுலயே நல்லதாப் பாத்து எடுத்தேன். அவியளுக்குல்லா வைக்கோம்."

உங்கள் காசுப் பெட்டியிலே கறுத்தவை, ஓட்டை போட்டவை, வளையம் பற்றவைத்தவை என்று எத்தனையோ கிடக்க, நாணயத்தைக் கையில் எடுத்தே பார்க்காத அந்த அம்மா, கண்ணீரோடு நின்று சரியாகத் தரம் பிரித்திருக்கிறார். உங்களோடு போகட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். அதற்குமேல் நியாயமான இடம் அதற்கு ஏது?

போகவும் இல்லை. மின்மயானத்தில், உங்களை உள்ளே தள்ளுவதற்கு முன், அங்கே வேலை செய்கிறவர் நெற்றிக் காசை எடுத்தார். வழக்கப்படி அது அவருக்குச் சேர வேண்டியது. அவர் நல்ல மனுஷன். "வெள்ளிங்க இது. ஊட்டுக்காரங்களே வச்சுக்கங்க. இருங்க, சந்தனம் ஒட்டிக்கிச்சு, தொடச்சுத் தர்றனுங்க" என்று சொல்லி, தட்டிலிருந்த திருநீற்றை ஒரு பிடி அள்ளி, துண்டு நுனியால் அழுத்தித் தேய்த்தார்.

"தொடைக்காதீங்க!" என்று கத்தினேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, அழுக்கோட குடுக்கலாமுங்களா?" என்று அவர் திகைத்தார். கையில் காசு புது எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளபளத்தது; அச்சில் பிறந்த மினுமினுப்பு அந்தத் தேய்ப்பில் போய்விட்டது.

உங்கள் அண்ணன் தலையை ஆட்டினார். "பொணத்து மேல வச்சது வீட்டுக்கு வேண்டாம்." என் கை நீண்டு அதை வாங்கிக்கொண்டது. அந்த நேரத்தில் உங்களை உள்ளே தள்ளி இரும்புக் கதவை இறக்கினார்கள். நான் காசைப் பார்த்துக்கொண்டிருந்தேன், உங்களைக் கடைசியாகப் பார்க்கவில்லை.

காரியம் முடிந்தபின் அதை உங்கள் சம்சாரத்திடம் கொடுக்கப் போனேன். வாங்க மறுத்துவிட்டார். "அவியளுக்குக் குடுத்தது. நீங்களே வச்சிக்கிடுங்க." பிறகு, தயங்கித் தயங்கி, "நல்லதத்தான எடுத்தேன் அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"ஆமாங்க அம்மிணி. அதைவிட நல்லது அதுல இல்லவே இல்லீங்க."

பொய் சொல்லவில்லை. பொய்யாக இருந்திருந்தால் வீடு வந்து அப்படி அழுதிருக்க மாட்டேன்.

கண்காட்சியில் தரம் பார்க்கும் கம்பெனியின் ஆள் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். வண்டிமேலிருந்து எழுந்து திரும்ப உள்ளே போய் அவரிடம் உங்கள் காசை நீட்டினேன். இரண்டு தடவைதான் புரட்டினார். "தேய்ச்சுக் கழுவியிருக்காங்க சார். இதுக்கு நம்பர் போட மாட்டாங்க." யானையின் முதுகில் ஏதாவது தெரிகிறதா, பழைய தேய்மானமா, அச்சுக்குறையா என்று கேட்டேன். "இனி யாராலயும் சொல்ல முடியாது சார்" என்று திருப்பிக் கொடுத்தார்.

நீங்கள் சொன்னது சரியென்றால் தோற்றுப்போக எனக்குச் சம்மதம். நான் சொன்னது சரியென்றால், ஜெயித்துவிட்டேன் என்று போய்ச் சொல்ல ஆள் இல்லை. இப்போது இரண்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். என் பெட்டியைத் திறந்தே பல மாதம் ஆகிறது. மறுத்துப் பேச ஆளில்லாமல் ஒரு காசைப் பார்த்து இது இந்தத் தரம் என்று சொல்வதில் எனக்கு எந்த நம்பிக்கையும் மிச்சமில்லை.

உங்கள் காசை இப்போது சட்டைப் பையில், பஸ் சில்லறையோடு போட்டுக்கொண்டு அலைகிறேன். பார்த்தால் அடிக்க வருவீர்கள். வாருங்கள் என்றுதான் போட்டிருக்கிறேன். சாவியிலும் ஐந்து ரூபாய்க் காசுகளிலும் உரசி உரசி மன்னரின் மீசை மழுங்க ஆரம்பித்துவிட்டது. இது அச்சுக்குறை இல்லைங்க. இது தேய்மானம்தான்.