கழற்றிய கூரை

8 மார்ச் 1943
ஜப்பான்காரன் கணக்குப்படி வருஷத்தை 2603 என்று எழுத வேண்டுமாம். இந்த நோட்டில் எழுதமாட்டேன்.
பிரிக்பீல்ட்ஸ் பஸ் நிறுத்தத்தின் தகரக் கூரையை வட்டார அலுவலக ஆட்கள் கழற்றி லோரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். தூண்கள் மட்டும் நிற்கின்றன. பக்கத்து வீட்டு இராஜம்மா நனைந்தபடியே ஆஸ்பத்திரிச் சலவை வேலைக்குப் போனாள். நிமோனியாவிலிருந்து இப்போதுதான் எழுந்தவள். நனைந்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வேலையை விட்டால் ரேஷன் அரிசி கிடையாது.

11 மார்ச்
நிறுத்தத்துக்கு எதிரிலேயே வட்டார அலுவலகம். போய்க் கேட்டேன். அங்கே எழுத்துவேலை பார்க்கும் கிராணி தம்புசாமி, வெள்ளைக்காரன் காலத்திலும் அதே நாற்காலியில் இருந்தவர். கூரை பஸ் கம்பெனியின் பொறுப்பாம். கம்பெனியில் கேட்டால், சாலையோரம் அரசாங்கத்துடையதாம். திரும்பி வந்து, கழற்றுவது மட்டும் யார் பொறுப்பு என்றேன்.
“டீச்சர், மெட்ராஸ்ல படிச்சவங்க நீங்க. இந்தக் காலத்துல இப்படியெல்லாம் கேக்காதீங்க லா.”
வரி வாங்கும்போது இந்தக் குழப்பம் எவருக்கும் வருவதில்லை.

26 ஏப்ரல்
தகரம் அகப்பட்டுவிட்டது. ஜப்பான் சக்கரவர்த்தியின் பிறந்தநாளுக்கு அலுவலகத்தின் பக்கத்துத் திடலில் மேடை போடுகிறார்கள். மேலே எங்கள் கூரை! தார் வைத்து அடைத்த ஓட்டைகூட அப்படியே. அதிகாரிகள் ஒரு காலைப்பொழுது நனையாமல் இருக்க வேண்டும்.

4 மே
விழா முடிந்தும் மேடை கொடியோடு நிற்கிறது. காலையில் பெருமழை. டிரைவர் நாகையா பஸ்ஸை மேடையோரம் நிறுத்திவிட்டு, “மேடையில ஏறி நில்லுங்கக்கா, கரியில ஓடுற பஸ்ஸு, இஞ்சின் சூடாக நேரமாவும்” என்றார். எல்லாரும் மரக்கட்டைச் செருப்பைக் கீழே கழற்றி வைத்துவிட்டு ஏறினார்கள். புதுப் பலகை சேறாகக் கூடாதாம். யார் வீட்டுப் பலகை?
அந்நேரம் ஜப்பானிய அதிகாரியின் கார் வந்து நின்றது. பயத்தில் எல்லாரும் தலை குனிந்தோம். அவர் செருப்பு வரிசையைப் பார்த்தார். கொடிக்கடியில் வெறுங்காலோடு குனிந்து நிற்கும் எங்களைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. மேடையை யாரும் பிரிக்கக் கூடாது என்று உத்தரவாம்.
ஆக, மனிதருக்கென்று கூரை இல்லை. கொடியைக் கும்பிட்டால் உண்டு. இதற்கு நானும் குனிந்தேனே.
இராஜம்மா நனையவில்லை. அது போதும் — போதுமா?

19 நவம்பர் 1944
இந்த மழைக்காலத்திலும் இராஜம்மா இருமவில்லை.

20 செப்டம்பர் 1945
வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். எதிரியின் மேடை என்று முதல் வேலையாக உடைத்தார்கள். தகரம் மறுபடி லோரியில். தம்புசாமியிடம் போனேன். அதே நாற்காலி.
“அது பஸ் கம்பெனி பொறுப்பு, டீச்சர்.”
என்ன ஜென்மங்கள் இவர்கள்!

3 அக்டோபர்
இராஜம்மா நேற்று நனைந்தாள். ராத்திரி முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல்.

4 அக்டோபர்
மழை. இராஜம்மாவின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வட்டார அலுவலகத்தின் வராந்தாவில் ஏறினேன். மற்றவர்களும் தயங்கித் தயங்கி ஏறினார்கள். தம்புசாமி வெளியே வந்தார்.
“தரையெல்லாம் சேறாவுது, டீச்சர். யாரு துடைக்கிறது?”
“அது யார் பொறுப்புன்னு விசாரிச்சுச் சொல்லுங்க,” என்றேன்.
இராஜம்மா பழக்கத்தில் செருப்பைக் கழற்றக் குனிந்தாள். வேண்டாம் என்றேன். பஸ் வரும்வரை செருப்போடுதான் நின்றோம்.