மேஜையில் தட்டிய இரண்டு விரல்

சாலைக் கடைத்தெரு,
திருவனந்தபுரம்,
கொல்லம் 1113 சித்திரை 9

சிங்கப்பூரில் இருக்கும் மகன் தங்கப்பனுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். உன் அம்மைக்கு முட்டுவலி, எனக்கு அவமானம். மற்றபடி இவ்விடம் எல்லோரும் சுகம்.

அவமானத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று கிழக்கேகோட்டைக் காப்பிக் கடையில் பரிமாறுகிறவன் டம்ளரை வைத்ததும், உன் சீனாக்காரன் கடைப் பழக்கத்தில் மேஜையை இரண்டு விரலால் தட்டினேன். அங்கே அது நன்றி. இங்கே அவன், "என்ன அண்ணாச்சி தட்டுதீரு? காப்பி வச்சாச்சுல்லா, கண்ணு தெரியல்லியோ?" என்றான். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அங்கே பதினைந்து நாள் தங்கி நான் சம்பாதித்துக்கொண்டு வந்தது இவ்வளவுதான்.

மேய்லிங்கைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று இரண்டாம் கடிதமும் போட்டிருக்கிறாய். பொறு. முதலில் அந்தக் கடை.

ஞாயிறு தவறாமல் நீ போகிற கடையாம்! விடிந்தும் விடியாமலும் சந்தைக் கூச்சல். மூங்கில் கூடை ஒவ்வொன்றிலும் மூன்றே மூன்று கொழுக்கட்டை. நம் வீட்டுப் பூனைக்கு அதைவிட அதிகம் வைப்போம். தேங்காய் என்று ஒரு வஸ்து உலகத்தில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தின்ன இரண்டு குச்சி வேறு. நான் பிடித்த கொழுக்கட்டை பக்கத்து மேஜைக் கிழவருடைய சாயாவில் விழுந்ததும் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாய். பார்த்தேன்.

நம்மோடு வந்த மேய்லிங்கும் லேசுப்பட்டவள் இல்லை. பெண்ணா, சுங்கச் சாவடிச் சேவகனா? வந்த கூடையை எல்லாம் மறித்து, ஒன்றைப் பிட்டு, தின்று பார்த்து, நான் தொடாத இறைச்சி என்றால் அப்பால் தள்ளினாள். எட்டுக் கூடை தள்ளிய பிறகு, கீரை வைத்த ஒன்றை என் தட்டில் வைத்தாள். அதற்குள் அது ஆறிப்போயிற்று.

உன் மாமன், தவளை தின்கிற கூட்டத்திலா சம்பந்தம் என்று குதிக்கிறான். ரசத்தை முழங்கை வரை ஒழுக விடுகிறவனுக்கு வாயைப் பார்!

வெள்ளிக்கிழமை உன் அம்மை கொழுக்கட்டை அவித்தாள். தோல் தடிமன், அங்கே கண்ணாடி போல இருக்கும் என்று உளறிவிட்டேன். அவள் சமையலைக் குறை சொன்னது முப்பது வருஷத்தில் முதல் தடவை. கரண்டி என் தலையில் இறங்காதது அதிசயம். அதைக் கீழே வைத்தவள், "ஆவணியில ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க. அவ எப்பிடித்தான் அவிக்கான்னு நானும் பாக்கட்டு" என்றாள். உன் கேள்விக்குப் பதில் கிடைத்ததா? மாமனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நான் ஊர் திரும்பிய அன்று கப்பலடியில் மேய்லிங் கூஜாவிலிருந்து சாயா ஊற்றித் தந்தாள். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் கோப்பை. தட்ட விரலும் இல்லை, மேஜையும் இல்லை. வாய் இருந்தது, அதைச் சாயா குடிக்க மட்டும் திறந்தேன். அன்று உன் அப்பன் தாணுபிள்ளை உள்ளுக்குள்ளேயே முணுமுணுத்ததை அவளிடம் நீ சொல்லிவிடு: நல்லா இரு மக்கா.