மூடி போட்டுப் பார்த்தது

மார்ச் 19, வியாழன்

இன்றும் 0.97. நான்கு ஒளித்துகள்களின் குவாண்டம் நிலையை முழுதாகத் தெரிந்துகொள்ள எண்பத்தொரு விதமாக அளக்க வேண்டும். ஸ்கேன் சென்டரில் கொஞ்சம் அளந்து மீதியைக் கணக்கால் நிரப்பிப் படம் எடுக்கிறார்களே, அந்த வித்தையால் நான் இருபதிலேயே முடிக்கிறேன். வரவேண்டிய நிலையோடு 97 சதவீதம் பொருத்தம்!

ஆறாவது வருடம். ஆய்வேடு கொடுக்கக் கடைசித் தேதி ஏப்ரல் 10. இனி நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று வழிகாட்டி இனியவன் சார் சொல்லிவிட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

தவக்காலம். கோயிலில் புனிதர்களின் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடிவிட்டார்கள். வலது பக்கம் இரண்டாவது அந்தோணியார். கையில் குழந்தை இருப்பதுகூடத் துணிக்குள் தெரிந்தது. ஆய்வேட்டுக்காக மன்றாடினேன்.

வெளியே வந்ததும் அம்மா சிரித்தாள். "அது செபஸ்தியார்டி. வெள்ளையடிக்கிறப்ப எடம் மாத்தி வெச்சிட்டோம்."

செபஸ்தியார் கையில் குழந்தை கிடையாது. எனக்குத் தெரிந்ததே? என் கணக்கும் இப்படித்தான் பார்க்கிறதா? எந்த நிலை வரவேண்டும் என்று அதற்கு முன்கூட்டியே சொல்லிவைத்தது நான்தானே.

மார்ச் 23, திங்கள்

உணர்கருவிகளுக்கு மூடி போட்டு ஓட்டினேன். துளி ஒளிகூட உள்ளே போகவில்லை.

அப்போதும் 0.96.

மார்ச் 24

போச்சு. ஆறு வருஷமும் போச்சு. என்னத்தடி அளந்த நீ?

மார்ச் 26

சாரிடம் சொன்னேன். அவர், "மூடி போட்டு யாரு லினெட் ஓட்டிப் பாக்கப் போறாங்க? குடுத்துட்டுப் போ."

அவர் கெட்டவர் இல்லை. என்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். அதுதான் பயமாக இருக்கிறது. கொடுத்துவிடலாமா? யாருக்கும் தெரியாது.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

சாப்பிடவில்லை. ஒருசந்தி விரதம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். நல்லதாகப் போயிற்று.

ஏப்ரல் 10

கொடுக்கவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

எந்த நிலை வரவேண்டும் என்று கணக்குக்குச் சொல்வதை எடுத்துவிட்டேன். அளவுகளுக்குப் பொருந்துவதில் எளிமையானதைத் தேடு என்பதை மட்டும் விட்டுவைத்தேன். இப்போது இருபது போதவில்லை, நாற்பத்தைந்து வேண்டும். 0.91தான்.

சார் வந்தார். அவர் முன்னாலேயே மூடி போட்டு ஓட்டினேன். திரையில் வெறும் இரைச்சல். உருவம் என்று எதுவுமே வரவில்லை.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆய்வேட்டுல இத மொதப் படமாப் போடு" என்றார். நீட்டிப்புக் கடிதம் எங்கே என்று கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.